குறுக்கே ஓடி வந்த பையன், காரோட்டி மீது தப்பு எவ்வளவு?

வணக்கம். வக்கீல்கள், இன்ஷூரன்ஸ் வேலையில் இருப்பவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

போன செவ்வாய் சாயங்காலம் என் தம்பி காரில் வரும்போது, நின்றிருந்த மினி பஸ்ஸுக்கு முன்னாலிருந்து ஏழு வயதுப் பையன் குறுக்கே ஓடி வந்துவிட்டான். பம்பர் இடித்து வலது காலில் எலும்பு முறிவு. தம்பியே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான், போலீசுக்கும் அவனே சொன்னான். பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐ.பி.சி.க்குப் பதில் வந்த குற்றவியல் சட்டம்) 281 (பொதுச் சாலையில் அஜாக்கிரதையாக ஓட்டியது), 125(பி) (அதனால் கொடுங்காயம்) பிரிவுகளில் எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கிறார்கள்.

"நாற்பதில்தான் வந்தேன்" என்கிறான். நாற்பது என்றால் நொடிக்கு 11 மீட்டர். பிரேக்கில் கால் வைப்பதற்குள் ஏறக்குறைய மூன்று கார் நீளம் போய்விடும். நின்ற பஸ்ஸைத் தாண்டும்போது இருபதுக்கு இறக்கியிருக்க வேண்டாமா? எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது, வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. அப்பாவோ, பையன் பார்க்காமல் ஓடினான் என்றே வாதாடுகிறார். அந்த வயதுக் குழந்தை மீது கவனக்குறைவைச் சுமத்த கோர்ட்டுகள் பொதுவாக ஒத்துக்கொள்வதில்லை என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

எதிரே டீக்கடை கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. பத்து நாளில் தானாக அழிந்துவிடுமாம். போலீஸ் இன்னும் வாங்கவில்லை. அதைப் பாதுகாக்க நாங்கள் எழுதிக் கொடுக்கலாமா, யாரிடம்?

அப்புறம் இன்னொன்று. பையனைப் பார்த்து, மருத்துவச் செலவுக்குக் கொஞ்சம் பணம் கொடுக்கத் தம்பி துடிக்கிறான். கொடுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமா? தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் நடப்பில் இருக்கிறது.