எந்த குளத்த எடுத்தாலும் எரர், ஆட்டோ செக் எப்படி ஒழுங்கா வைக்க?

சானல்கரை:
மக்களே ஒரு சந்தேகம். நாங்க நாலு பேரு சேந்து கன்னியாகுமரி மாவட்டத்துல கல்குளம், திருவட்டார் பக்கத்து குளம், சானல் (பாசனக் கால்வாய்) எல்லாம் மேப் பண்ணி போஸ்ட்ஜிஐஎஸ்ல (மேப் டேட்டா வைக்கிற போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்) ஏத்திட்டு இருக்கோம், ராத்திரி 2 மணிக்கு கிரான்ல (நேரம் குறிச்சு தானா ஓட வைக்கிறது) ஒரு ஸ்கிரிப்ட் ஓடி தப்பு இருந்தா மெயில் அனுப்பும். கோடு வரையும்போ விழுற துண்டு துக்கடாவ புடிக்க "100 சதுர மீட்டருக்கு கீழ போனா எரர்"னு ரூல் போட்டேன், ஒரு குளம் பாக்கியில்லாம அத்தனையும் எரர்! அதுபோக மாத்தூர் தொட்டிப்பாலத்துல "ரெண்டு நீர்வழி வெட்டுது, சந்திப்பு இல்ல"ன்னு தெனமும் ஒரே பாட்டு. இப்ப மெயில யாரும் தொறக்கறதே இல்ல, நானும்தான்.

மறுகால்:
உன் மேப் லேயர் 4326லதானே (இடத்த லேட், லாங் டிகிரில வைக்கிற முறையோட நம்பர்) கெடக்கு? அப்ப ஏரியா சதுர டிகிரில வரும், மீட்டர்ல இல்ல. நம்ம பக்கம் ஒரு டிகிரி கிட்டத்தட்ட 110 கிலோமீட்டர், நம்ம மாவட்டமே 1,700 சதுர கிலோமீட்டருக்குள்ளதான், மொத்த மாவட்டத்தையும் ஒரே பாலிகனா (மூடின வடிவம்) போட்டாலும் உன் ரூல்ல எரர்தான் வரும் கேட்டியா 😄 32643க்கு (நம்ம பக்கத்துக்கு மீட்டர்ல அளக்குற முறை) டிரான்ஸ்ஃபார்ம் பண்ணி அளந்து பாரு, இல்லன்னா ஜியாக்ரஃபி டைப்பா காஸ்ட் பண்ணு, அதுலயும் மீட்டர்ல வரும்.

தக்கலை மேப்பர்:
தொட்டிப்பாலம் எரர் நியாயமானதுதான், கீழ பறளியாறு மேல பட்டணங்கால் தண்ணி, ரெண்டும் சேரவே சேராதுன்னு ஸ்கிரிப்டுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? அதுக்காக அந்த ஐடிய மட்டும் விலக்கி வைக்காத, நாளைக்கு அதே கோட்ட யாராவது இழுத்து கெடுத்தா தெரியாமலே போயிரும். டேபிள்ல பாலம், லேயர் நம்பர் (எது மேல, எது கீழன்னு சொல்ற எண்)னு ரெண்டு காலம் சேத்து, தொட்டில போற துண்டுக்கு லேயர் நம்பர் 1 போடு, ரெண்டு கோடுக்கும் ஒரே லேயர் நம்பர் இருந்து வெட்டினா மட்டும் எரர்னு மாத்து. ஓபன்ஸ்ட்ரீட்மேப்லயும் இதே கததான்.

அப்புறம் எல்லாத்தையும் ஒரே மெயில்ல கொட்டாத. தன்னைத்தானே வெட்டுற பாலிகன சேவ் பண்ணவே விடாத, வடிவம் சரியான்னு பாக்குற இஸ்வேலிட் செக்க டேபிள்லயே கன்ஸ்ட்ரெயின்டா (மீறினா சேவ் ஆவாத ரூல்) வை. மெயில்ல நேத்து இல்லாம இன்னைக்கு முளைச்சது மட்டும் வந்தா போதும்.

சானல்கரை:
அண்ணே கொள்ளாம், ஏரியா எரர் மொத்தமும் போச்சு, நெசமான துண்டு ஏழுதான். ஆனா ஃபோன்ல எடுத்த மடை பாயிண்ட்ல மூணு மேப்லயே காணோம், லேட்டிட்யூட் 90க்குள்ள இருக்கான்னு செக் வச்சிருக்கேன், அதுல பாஸ் ஆவுது.

மறுகால்:
லேட், லாங் மாறிக் கெடக்கும். நம்ம லாங் 77, அதுவும் 90க்கு உள்ளதானே, பின்ன எப்படி புடிக்கும். ஜூம் அவுட் பண்ணி வடக்க பாரு, வட துருவத்துப் பக்கம் ஸ்வால்பார்டு தீவுக்கு மேற்க கடல்ல மூணு மடையும் குளிர்ல நிக்கும். செக்க 8.0 - 8.6, 77.0 - 77.7னு நம்ம மாவட்ட அளவுக்கு சுருக்கு. லேட், லாங்க மாத்திப் போட ஃப்ளிப் கோஆர்டினேட்ஸ்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, அந்த மூணுக்கும் அத ஓட்டினா திரும்பி வந்துரும்.

இன்னொண்ணு, ஒரே பேரு ரெண்டு தடவ வந்திருக்கான்னு பாக்குற செக் வச்சிருந்தா அத நம்பாத. "கோ"ல உள்ள கொம்பையும் காலையும் ஒரு கீபோர்டு சேத்து ஒரே குறியா அடிக்கும், இன்னொண்ணு கொம்பு தனி கால் தனின்னு அடிக்கும், கண்ணுக்கு ஒண்ணு, டேட்டாபேஸுக்கு வேற. போஸ்ட்கிரெஸ் 13ஓ அதுக்கு மேலயோன்னா நார்மலைஸ் ஃபங்ஷன் இருக்கு, ரெண்டு விதத்தையும் ஒண்ணாக்கும், அதுல போட்டுட்டு ஒப்பிட்டுப் பாரு.

சானல்கரை:
சவம், மூணும் அங்கனதான் கெடந்துச்சு 😂 நார்மலைஸ் போட்டதும் கோயில்குளம் ரெண்டு வந்துச்சு, ஒண்ணு நான் வரைஞ்சது, இன்னொண்ணும் நான் வரைஞ்சதுதான்.