சிஇடிபி: ‘கடத்து’ வேண்டாம், ‘பரிமாற்று’ இருக்கட்டும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

சிஇடிபி (CETP) என்பது ரத்தத்தில் கொழுப்புத் துகள்களிடையே கொழுப்பை மாற்றிக் கொடுக்கும் புரதம். அதற்கான தமிழ்க் கலைச்சொல் பற்றி வந்த இரண்டு யோசனைகளுக்கு என் பதில் இது.

> சிஇடிபி-க்கு ‘கொலஸ்ட்ரால் எஸ்டர் கடத்துப் புரதம்’ என்றே வைத்துவிடலாமே.

இதற்கு எனக்கு உடன்பாடில்லை. மின்கடத்தி, வெப்பக் கடத்தல் என்று நாம் புழங்கும் இடங்களில் எல்லாம் ‘கடத்து’ என்றால் ஒன்று இங்கிருந்து அங்கே போகிறது, அவ்வளவுதான். இந்தப் புரதமோ ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்குகிறது. இரண்டாம் வகை நீரிழிவில் கொலஸ்ட்ரால் கணக்கு குழம்புவதற்கு இந்தக் கொடுக்கல் வாங்கல் ஒரு முக்கியக் காரணம்.

கொலஸ்ட்ரால் நீரில் கரையாது. புரதம் போர்த்திய துகள்களில் ஏறித்தான் ரத்தத்தில் போக முடியும். விஎல்டிஎல் (VLDL), எல்டிஎல் (LDL), எச்டிஎல் (HDL) எல்லாம் அப்படிப்பட்ட துகள்கள்தான். இன்சுலினின் பிடி தளர்ந்ததும் கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பமிலங்கள் அடங்காமல் வெளியேறிக் கல்லீரலுக்கு வருகின்றன. கல்லீரல் அவற்றை டிரைகிளிசரைடு என்ற கொழுப்பாக்கி, விஎல்டிஎல் துகள்களில் அடைத்து அனுப்பிக்கொண்டே இருக்கும். அப்புறம் நம் புரதத்துக்கு வேலை கூடிவிடுகிறது. விஎல்டிஎல்லின் டிரைகிளிசரைடு எச்டிஎல்லுக்குப் போகிறது. பதிலுக்கு எச்டிஎல்லின் கொலஸ்ட்ரால், எஸ்டராக (அதாவது கொழுப்பமிலத்தோடு இணைந்த வடிவில்), விஎல்டிஎல்லுக்கு வருகிறது. டிரைகிளிசரைடு ஏறிய எச்டிஎல்லைக் கல்லீரல் லிப்பேஸ் நொதி சிதைத்துச் சிறிதாக்கும். சிறுத்தது ரத்தத்திலிருந்து சீக்கிரம் நீங்கிவிடும். எல்டிஎல்லிலும் இதே மாற்றம் நடக்கிறது. ஆனால் சிறுத்து அடர்ந்த எல்டிஎல் எளிதில் நீங்காமல் சுற்றிக்கொண்டிருந்து, தமனிச் சுவருக்குள் புகுகிறது.

ஒரு பரிசோதனை அறிக்கையில் எல்டிஎல் 100, எச்டிஎல் 32, டிரைகிளிசரைடு 260 (மி.கி./டெ.லி.) என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்டிஎல் பரவாயில்லையே என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் இந்தச் சிறிய துகள் ஒவ்வொன்றிலும் கொலஸ்ட்ரால் குறைவு; அதே 100-ஐச் சுமக்கக் கூடுதல் துகள்கள் வேண்டும். எச்டிஎல் குறைந்ததும் டிரைகிளிசரைடு கூடியதும் தனித்தனி நோய்கள் அல்ல. இந்தத் தொடர்பு மாணவருக்குப் பெயரிலேயே தெரிய வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

> ‘மாற்றுப் புரதம்’ போதாதா? சுருக்கமாகவும் இருக்கிறது.

போதாது. மாற்று மருத்துவம், மாற்று வழி என்பதுபோல ‘வேறொன்றுக்குப் பதிலானது’ என்று படித்துவிடுவார்கள். கருத்துப் பரிமாற்றம் என்றால் இருபக்கமும் நடப்பது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் ‘கொழுப்புப் பரிமாற்றுப் புரதம்’ என்பது என் முன்மொழிவு. ‘கொலஸ்ட்ரால் எஸ்டர்’ என்று பெயரில் போட்டால் பாதிச் சரக்குதான் தெரியும். கொழுப்பு என்றால் இரண்டும் அடங்கும்.

இந்தப் புரதத்தைத் தடுத்தால் எச்டிஎல் ஏறும் என்பது உண்மை. அப்படித் தடுக்கும் டார்செட்ரபிப் மருந்தில் ஏறவும் செய்தது. ஆனால் சாவுகள் கூடியதால் 2006-இல் சோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று. ஆகவே கலைச்சொல் பதிவில் எச்டிஎல்லுக்கு ‘நல்ல கொலஸ்ட்ரால்’ என்ற சொல் வேண்டாம், எச்டிஎல் என்றே எழுதுவோம்.

விளக்கம் இப்படி இருக்கலாம்: ‘ரத்தத்தில் உள்ள கொழுப்புத் துகள்களிடையே டிரைகிளிசரைடையும் கொலஸ்ட்ரால் எஸ்டரையும் ஒன்றுக்கொன்று மாற்றிக் கொடுக்கும் புரதம்.’ சிறுத்து அடர்ந்த எல்டிஎல்லுக்குச் ‘சிற்றடர் எல்டிஎல்’ சரிவருமா என்று சொல்லுங்கள்.