பர்ஸ்ட் இயர் பசங்கள கிருதுமால் ஆத்தோரம் குப்பை அள்ள விடுறது மதுரைய தெரிஞ்சுக்கவா, போட்டோவுக்கா?

நாகமலைக்காரன்
என் தம்பி இந்த வருசம் பி.காம் சேந்திருக்கான், மதுரைலதான், காலேஜ் பேரு வேணாம். சேந்த மூணாவது வாரமே என்எஸ்எஸ்ல, அதான் நாட்டு நலப்பணித் திட்டத்துல, கிருதுமால் ஓரம் குப்பை அள்ள கூட்டிட்டு போயிட்டாங்க. 80 பசங்க, 12 ஜோடி கிளவுஸ், மத்தவன்லாம் வெறுங்கை, ஆனா பேனர் மட்டும் ரெண்டு. பத்து மணிக்கு போட்டோ, பத்தரைக்கு வடை டீ, பதினொன்னுக்கு கலைஞ்சாச்சு. அள்ளுன மூட்டைய கரையிலயே போட்டுட்டு வந்துட்டாய்ங்க, மறுநாள் பைக்ல அங்குட்டு போறேன், நாய் பூராத்தையும் இழுத்து ரோட்டுல பரப்பி வச்சிருக்கு. "நம் நகரை அறிவோம்"னு சர்க்குலர் வேற. என்னடா அறிஞ்சனு கேட்டா நாத்தம் தாங்கலைங்குறான். இதுக்கு மீனாட்சி கோயில சுத்தி சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதினு நாலு சுத்து நடக்க விட்டுருந்தா ஊராச்சும் புரிஞ்சிருக்கும்.

ஹாஸ்டல்_மொட்டமாடி
அண்ணே கிளவுஸ் விசயம் நீங்க சொல்றது நியாயம்தான் ஆனா மத்தத ஒத்துக்க மாட்டேன். நான் நரிக்குடி பக்கம். எங்க ஊர்ல கிருதுமால்னா பாசனத்துக்கு வர்ற ஆறு, வைகை டேம்ல தண்ணி இருந்தாலும் கிருதுமால்ல திறந்து விடுங்கனு எங்கப்பா வயசு ஆளுங்க மனு குடுத்து குடுத்தே ஓஞ்சு போயிட்டாங்க. மதுரைக்கு வந்து ரெண்டு மாசம் எனக்கு தெரிஞ்சது ஹாஸ்டல், காலேஜ், பெரியார் பஸ் ஸ்டாண்டு அவ்ளோதான். அப்புறம் என்எஸ்எஸ்ல இதே மாதிரி ஒரு சனிக்கிழமை கூட்டிட்டு போயி ஒரு கருப்பு சாக்கடைய காட்டி இதான் கிருதுமால்னாங்க, எனக்கு ஒரு நிமிசம் ஓடவே இல்ல, அதே பேருல வேற எதோனு நெனச்சேன். பக்கத்துல டீக்கடை தாத்தாகிட்ட கேட்டா இதாம்மா கீழ உங்க ஊரு பக்கம் வருதுங்குறாரு. நாலு சுத்து வீதி நடந்துருந்தா இது தெரிஞ்சிருக்குமா?

செல்லூர்_கேட்
எங்கம்மா துப்புரவு வேலைதான் பாக்குறாங்க, காண்ட்ராக்ட்ல, பன்னெண்டு வருசமா. ஒரு தடவ இப்டிதான் காலேஜ் பிள்ளைக வந்துச்சாம், எல்லாருக்கும் மாஸ்க் கிளவுஸ் தொப்பி. எங்கம்மா வெறுங்கையோட நிக்கிறாங்க, அவங்கள கொஞ்சம் தள்ளி நிக்க சொல்லிட்டு போட்டோ எடுத்துருக்காய்ங்க. சாயங்காலம் வந்து சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாங்க, எனக்குதான் சோறு எறங்கல. ஒரு பிள்ளை கூட அக்கா உங்க பேரு என்னனு கேக்கல. ஊர தெரிஞ்சுக்க வந்தவனுக்கு ஊர கூட்டுறவங்க தெரியல.

நாகமலைக்காரன்
@செல்லூர்_கேட் இத விட நான் என்ன சொல்ல. நானும் இததான் சொல்ல வந்தேன், சரியா வரல.

ரிட்டயர்டு_பிஓ
நான் பல வருசம் என்எஸ்எஸ் ப்ரோக்ராம் ஆபீசரா இருந்தவன், வேற மாவட்டம். திட்டம் 1969ல காந்தி நூற்றாண்டுக்கு ஆரம்பிச்சது, ஒரு மாணவன் வருசத்துக்கு 120 மணி நேரம், ரெண்டு வருசத்துல 240, நடுவுல ஒரு கிராமத்துல 7 நாள் கேம்ப். இதான் கணக்கு. நிஜத்துல என்ன நடக்குதுன்னா ஆர்ட்ஸ் காலேஜ்ல இது பார்ட் ஃபைவ், அதாவது டிகிரில ஒரு பகுதி, அதுல பாஸாகணும், பையன் வர்றது அதுக்குதான். எனக்கு கையில 100 பேரு, ஒரு வண்டி கூட கிடையாது, ரிப்போர்ட்டுக்கு போட்டோ கேப்பாங்க. நீங்க பிஓவ திட்டுறது ஈசி தம்பி. ஆனா அந்த மூட்டைய கரையில விட்டுட்டு வந்தது தப்புதான், முன்னாடியே வார்டு ஆபீஸ்ல சொல்லி வண்டி ஏற்பாடு பண்ணாம பிள்ளைகள எறக்கவே கூடாது.

நாகமலைக்காரன்
சார் கோச்சுக்காதீங்க, 240 மணி நேரத்துல எத்தன மணி நேரம் பேனர் பிடிச்சதுனு ஒரு கணக்கு போட்டா தெரிஞ்சிரும். தண்ணி ஆவியாகக் கூடாதுனு வைகை டேம்ல தெர்மாகோல் விட்ட மந்திரியோட ஊரு சார் இது, எங்களுக்கு போட்டோவுக்கு செய்ற வேலை பாத்த உடனே தெரியும் 😂

ஹாஸ்டல்_மொட்டமாடி
சிரிச்சிட்டேன். ஆனா அண்ணே எல்லாமே குப்பை அள்ளுறதுதான்னு ஏன் வச்சிக்கிறீங்க. செகண்ட் செமஸ்டர்ல எங்கள பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புனாங்க, ஓபி சீட்டு வாங்க, எந்த பில்டிங்னு காட்ட. ராம்நாடு சிவகங்கைல இருந்து விடியக்காலை பஸ் பிடிச்சு வந்த பாட்டிங்க, எழுத படிக்க தெரியாது, அந்த கூட்டத்துல ஸ்கேன் எங்கனு தேடி தேடி நானே மதுரைய கத்துக்கிட்டேன். முதல் நாள் ஒரு பாட்டிய தப்பான பிளாக்குக்கு கூட்டிட்டு போயி அரை மணி நேரம் நிக்க வச்சிட்டேன் அது தனி கதை. அப்புறம் தெப்பக்குளம். 1645ல திருமலை நாயக்கர் வெட்டுனதுனு எல்லாரும் சொல்லுவாங்க, எங்க சீனியர் ஒருத்தங்க மட்டும் தண்ணி எப்டி வருதுனு பாப்போம்னு பனையூர் கால்வாய் ஓரமாவே வைகை வரைக்கும் நடக்க வச்சாங்க. எத்தன வீட்டு குழாய் அதுல வந்து விழுதுனு நோட்ல குறிச்சோம். அன்னைக்கு ஒரு காயிதத்த கூட பொறுக்கல, ஆனா நான் செஞ்சதுலயே அதான் உருப்படியான வேலைனு நெனக்கிறேன்.

செல்லூர்_கேட்
அந்த நோட்ட என்ன பண்ணீங்க?

ஹாஸ்டல்_மொட்டமாடி
டிபார்ட்மெண்ட் பீரோல இருக்கு.

செல்லூர்_கேட்
😐

ரிட்டயர்டு_பிஓ
அந்த கேள்வி எனக்கும் சேத்துதான்னு எடுத்துக்குறேன்.

நாகமலைக்காரன்
தெப்பக்குளம்னு சொன்னதால ஒண்ணு, நாங்க ஸ்கூல் படிக்கும்போது அதுக்குள்ள கிரிக்கெட் ஆடுவோம், மைய மண்டபத்து பக்கம் அடிச்சா ஃபோர். இப்ப தண்ணி நிக்கிது. அது கால்வாய சரி பண்ணதால வந்தது, கரையில பசங்க பொறுக்குனதால இல்ல. ஒலகனேரி கண்மாய் மேல ஹைகோர்ட்டே நிக்கிற ஊர்ல 18 வயசு பையன் கையில சாக்க குடுத்து நீர்நிலைய காப்பாத்துன்னா என்ன அர்த்தம்? தங்கச்சி சொல்ற மாதிரி நடக்க வைங்க, கேக்க வைங்க, ஒத்துக்குறேன். அள்ள வைக்காதீங்க, அதுக்கு சம்பளம் குடுத்து, கிளவுஸ் குடுத்து ஆள் போடணும்.

ஹாஸ்டல்_மொட்டமாடி
அதுல பாதிதான் ஒத்துக்குவேன் அண்ணே. அன்னைக்கு நான் அள்ளாம சும்மா கரையில நின்னு பாத்துட்டு போயிருந்தா அந்த டீக்கடை தாத்தா என்கிட்ட பேசிருப்பாருனு நெனக்கல. கை அழுக்கான பிறகுதான் உக்காரும்மா டீ குடினாரு.

செல்லூர்_கேட்
தங்கச்சி பீரோல இருக்க அந்த நோட்ட போட்டோ எடுத்து போட முடியுமா? எங்கம்மா ஏரியாவும் அந்த கால்வாய் பக்கம்தான், எந்த குழாய் யாரு வீடுனு அவங்களுக்கு மனப்பாடமா தெரியும், நீங்க விட்டத சொல்லுவாங்க.

ஹாஸ்டல்_மொட்டமாடி
திங்கக்கிழமை பீரோ சாவி வாங்கி எடுத்துடுறேன் அண்ணே. அம்மா எத்தன மணிக்கு வேலைக்கு எறங்குவாங்க, நாங்க ஒரு பத்து பேரு வரலாமா?

செல்லூர்_கேட்
காலைல ஆறுக்கே எறங்கிருவாங்க. பத்து பேரு வேணாம், நாலு பேரு வாங்க. பேர கேளுங்க மொதல்ல.

நாகமலைக்காரன்
என் தம்பியவும் அனுப்புறேன், ஆறு மணிக்கு எந்திரிச்சா.