நைட்ரஜன், நைட்ரிக் அமிலம்: எப்படி நடத்துகிறீர்கள்?

கேள்வி: பிளஸ் டூ பசங்க சமன்பாட்டையெல்லாம் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள், ஆனால் அம்மோனியாவிலிருந்து நைட்ரிக் அமிலம் தயாரிக்கும் ஆஸ்வால்ட் முறையில் பிளாட்டினம் எதற்கு என்று கேட்டால் முழிக்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில் 1: காற்றிலிருந்தே தொடங்குங்கள் சார். அதில் 78 சதவீதம் நைட்ரஜன்தானே. திரவமாக்கிய காற்றை மெல்லச் சூடேற விட்டால் நைட்ரஜன் -196 டிகிரியிலேயே கொதித்துப் பிரியும், ஆக்சிஜனுக்கு -183. எது முதலில் போகும் என்று அவர்களையே சொல்ல விடுங்கள்.

பதில் 2: ஆய்வகத்தில் நைட்ரஜன் தயாரிக்க என்றால் அம்மோனியம் குளோரைடு, சோடியம் நைட்ரைட் இரண்டையும் நீரில் கரைத்து மெதுவாகச் சூடாக்கினால் போதும். கரைசலாகத்தான், உலர்ந்த கலவையைச் சூடாக்கவே கூடாது, வெடிக்கும். வாயுவில் தீக்குச்சி அணையும், சுண்ணாம்பு நீர் பால்போல மாறாது. இரண்டையும் காட்டுங்கள், இல்லையென்றால் கார்பன் டை ஆக்சைடு என்பார்கள்!

பதில் 3: உங்கள் பிளாட்டினம் கேள்விக்கு வருகிறேன். அம்மோனியா சும்மா எரிந்தால் நைட்ரஜனும் நீரும்தான் கிடைக்கும், அதில் நமக்கு லாபமில்லை. சுமார் 850 டிகிரியில் பிளாட்டினம்-ரோடியம் வலை வழியாகக் கண நேரத்தில் கடந்தால்தான் நைட்ரிக் ஆக்சைடு. அப்புறம் அது ஆறி, ஆக்சிஜனோடு சேர்ந்து பழுப்பு வாயுவாகி, நீரில் கரைந்து அமிலமாகிறது.

கேட்டவர்: இந்த 'சும்மா எரிந்தால்' விஷயத்தை யாரும் சொல்லித் தந்ததில்லை. நன்றி சார், நாளைக்கே நடத்திவிடுகிறேன்.