நீண்ட இடைவெளிக்குப் பின் நுழைவுப் பரீட்சை: எங்கே தொடங்குவது?

மாங்குளம்:
சாதாரண தரத்துடன் படிப்பை நிறுத்திய நான், நாற்பதை நெருங்கும் வயதில் ஓர் அமெரிக்க இணையவழிப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்துள்ளேன். அவர்கள் கேட்கும் அக்கியூபிளேசர் (கணித, ஆங்கிலத் திறனை அளவிடும் கணினிவழிப் பரீட்சை) பரீட்சைக்கு, வயல் வேலை முடிந்த இரவுகளில் எதை முதலில் படிக்கலாம்?

கிளிநொச்சி:
கணிதத்தில் தொடங்குங்கள், அண்ணா. பின்னம், விகிதம், சமன்பாடு ஆகியவற்றுக்குப் பழைய பத்தாம், பதினோராம் ஆண்டுப் பாடநூல்களே போதும். சொந்தக் கணிப்பானுக்கு அனுமதியில்லை. சில வினாக்களுக்கு மட்டுமே அது திரையில் தோன்றும் என்பதால், தாளில் செய்து பழகுங்கள்.

முல்லைத்தீவு:
எனக்கென்னவோ ஆங்கில வாசிப்புத்தான் கடினமாகப் படுகிறது. வினாக்கள் 20 தான், நேரக் கட்டுப்பாடும் இல்லை. ஆனால் நீங்கள் அளிக்கும் விடைக்கேற்பவே அடுத்த வினா தெரிவுசெய்யப்படுவதால், கடந்த வினாவுக்குத் திரும்ப இயலாது. வீட்டிலிருந்து எழுதுவதானால், மாரி மழைக்கு மின்சாரம் போகுமுன் மடிக்கணினியை முழுமையாக மின்னேற்றி வையுங்கள்.