ப்ரொசசர் மாற்றினால் முழு ஜென்டூவையும் திரும்பக் கம்பைல் பண்ண வேண்டுமா?

உவர்மலையான்: நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார்: "ப்ரொசசரை மாற்றிவிட்டு முழு சிஸ்டத்தையும் திரும்பக் கம்பைல் பண்ணாதவர் ஜென்டூ பாவிக்கத் தகுதியில்லாதவர்." ஜென்டூ லினக்ஸில் புரோகிராம்களை நாமே மூல நிரலிலிருந்து நம் ப்ரொசசருக்கு ஏற்பக் கட்டுவது (கம்பைல்) உண்மைதான். ஆனாலும் வாசித்ததும் எரிச்சல் வந்துவிட்டது. நான் ஐ3-2100ஐக் கழற்றி, அதே போர்டில் ஐ7-3770 போட்டேன். பேஸ்ட் பூசி, கூலரை இறுக்கி, சுவிட்சைப் போட்டேன். ஒரு புரோகிராமும் மக்கர் பண்ணவில்லை. ஒரே நேரத்தில் ஓடும் திரெட் நாலிலிருந்து எட்டாகியதால், கம்பைல் அமைப்புகள் உள்ள மேக்.கான்ஃப் ஃபைலில் ஒரே நேரத்தில் நடக்கும் வேலைகளின் எண்ணிக்கையை ஜே4இலிருந்து ஜே8 ஆக்கினேன். அவ்வளவுதான் வேலை. பழைய ப்ரொசசருக்குக் கம்பைல் பண்ணியது புதியதில் ஓடும்.

நிலாவெளி: அதை எழுதியவன் நான்தான் அண்ணே, பெயர் சொல்லியே ஏசலாம். "பழையது புதியதில் ஓடும்" என்பது பிழை. என்னுடையது ஏஎம்டி எஃப்எக்ஸ்-8350 ப்ரொசசரில் மார்ச்=நேட்டிவ் (இந்த ப்ரொசசருக்கென்றே கட்டு என்ற அமைப்பு) போட்டுக் கட்டிய சிஸ்டம். எஸ்எஸ்டியை அப்படியே கழற்றி ஏஎம்டியின் ரைசன் ப்ரொசசர் உள்ள மெஷினில் செருகினேன். "இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்" என்று நின்றது, லொகின்கூட வரவில்லை. எஃப்எக்ஸில் இருந்த எஃப்எம்ஏ4, எக்ஸ்ஓபி என்ற ப்ரொசசர் கட்டளைகளை ஏஎம்டி ரைசனில் கைவிட்டுவிட்டது. லைவ் யுஎஸ்பியில் ஏற்றி எல்லாவற்றையும் திரும்பக் கட்டினேன்.

உவர்மலையான்: எஃப்எக்ஸ் சாக்கெட்டில் (போர்டில் ப்ரொசசர் உட்காரும் இடம்) ரைசன் இறங்காது தம்பி. மதர்போர்ட், ரேம் எல்லாம் மாற்றிவிட்டு அதற்குப் பெயர் ப்ரொசசர் மாற்றமா? வீட்டையே இடித்துக் கட்டிவிட்டுக் கதவு மாற்றினேன் என்கிறீர்கள்.

நிலாவெளி: நீங்கள் எழுதியது "புதியதில் ஓடும்". சாக்கெட் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. எஃப்எக்ஸ்-8350 வந்தது 2012இல், ரைசன் 2017இல். எது புதியது?

கன்னியா: டெபியன் லினக்ஸில் இந்தத் தொல்லையே இல்லை. எந்த 64 பிட் ப்ரொசசரிலும் ஓடுகிற மாதிரித்தான் கட்டித் தருகிறார்கள்.

உவர்மலையான்: டெபியன்காரரை இங்கே யாரும் கூப்பிடவில்லை.

லிங்கநகர்: ஐ3-2100இல் மறைகுறியாக்கத்தை வேகமாக்கும் ஏஇஎஸ் கட்டளை இல்லை, 3770இல் உண்டு. திரும்பக் கட்டாவிட்டால் அது சும்மா கிடக்குமே?

உவர்மலையான்: கிடக்காது. மறைகுறியாக்க வேலையைச் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல், ஓடும்போதே ப்ரொசசரைப் பார்த்து அந்தக் கட்டளையை எடுத்துக்கொள்ளும். இது தெரியாமல்தான் சூடான கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதத்தில் இரண்டு நாள் மெஷினைப் போட்டு வாட்டுகிறீர்கள். நான் ஒருமுறை அப்படிச் செய்து கூலரில் கை வைத்துப் பார்த்தேன், திருகோணமலை கன்னியா வெந்நீர்க் கிணறு தோற்றுப்போகும். பாதியில் கரண்டும் போனது.

நிலாவெளி: கரண்ட் போனால், ஜென்டூவில் புரோகிராம் கட்டும் எமெர்ஜ் கட்டளைக்கு ரிசூம் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். பத்து வருடம் ஜென்டூ பாவிக்கிறேன் என்பவருக்கு இதுகூடத் தெரியாதா?

உவர்மலையான்: பத்து இல்லை, பதினான்கு. நீங்கள் முதன்முதலில் கெர்னல் கட்டியபோது உப்புவெளிக்கு வந்து பக்கத்தில் இருந்து சொல்லித் தந்தது யார்?

நிலாவெளி: அன்றைக்கு வந்தவர் என்னுடைய 4 ஜிபி ரேமையும் கொண்டுபோனார். இன்னும் திரும்பி வரவில்லை.

உவர்மலையான்: அது பழுதான ரேம். மெம்டெஸ்ட் போட்டுப் பார்த்தேன், பிழை பிழையாக வந்தது.

நிலாவெளி: பழுதென்றாலும் என்னுடையது. 2012, 2017. எது புதியது? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

உவர்மலையான்: சாக்கெட் வேறு. நூறு தரம் கேட்டாலும் சாக்கெட் வேறு.