நிலைவடம், இழுகயிறு: பாய்க்கப்பல் மாதிரிக்குச் சில சொற்கள்

அன்பின் நண்பர்களுக்கு,

பாய்க்கப்பல் மாதிரி செய்யும் நாம், கப்பலின் இரு வகைக் கயிறுகளான ஸ்டாண்டிங் ரிக்கிங், ரனிங் ரிக்கிங் இரண்டுக்கும் தமிழ்ச் சொல் தேடுகிறோம். 'நிற்கும் கயிறு', 'ஓடும் கயிறு' என்று வந்த முன்மொழிவை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. கப்பலைப் பார்க்காமல் ஆங்கிலச் சொல்லை மட்டும் பார்த்துச் செய்த பெயர்கள் அவை. முதல் வகை பாய்மரம் சாயாமல் பிடித்து வைத்திருக்கிறது. ஒருமுறை இறுக்கிக் கட்டினால் அதன்பிறகு ஆள் தொடுவது குறைவு. இரண்டாம் வகை, பாயையும் அதைத் தாங்கும் குறுக்கு மரமான பருமலையும் ஏற்றவும் இறக்கவும் திருப்பவும் மாலுமிகள் நாள் முழுக்க இழுத்து விடுவது. இந்த வேலையைச் சொல்லும் பெயர்தான் நமக்கு வேண்டும்.

'கருங்கயிறு', 'வெண்கயிறு' என்று திருகோணமலை அண்ணன் எழுதியிருந்தார். மாதிரி செய்கிறவருக்கு அது உடனே விளங்கும், மறுக்கவில்லை. பழைய கப்பல்களில் முதல் வகைக்குத் தார் பூசினார்கள், அதனால் நாமும் கறுப்பு நூல் போடுகிறோம். கப்பிகளுக்குள்ளால் ஓடவேண்டிய மற்றதற்கு வெளிர் பழுப்பு நூல். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் தார்க்கயிற்றின் இடத்துக்கு இரும்புக் கம்பி வந்துவிட்டது. நிறத்தில் தொங்கும் சொல் அங்கே கைவிட்டுவிடும்.

முதல் வகைக்குத் 'தாங்கி' என்பது அடுத்த முன்மொழிவு. நம் பக்கத்தில் தாங்கி என்றால் தண்ணீர்த் தாங்கி, இல்லாவிட்டால் இராணுவத் தாங்கி. அதைவிடப் பெரிய குறை, தாங்கி என்றால் கீழிருந்து முட்டுக்கொடுப்பது. இங்கே நடப்பதோ மேலிருந்து இழுத்துப் பிடிப்பது.

என் முன்மொழிவு வடம். கொக்கட்டிச்சோலைத் தேரோட்டத்தில் வடம் பிடித்தவர் யாருக்கும் அந்தச் சொல்லின் பாரம் தெரியும். தேர்வடமும் இழுபடுவதுதானே என்று கேட்பீர்கள். சரி, அதனால்தான் 'நிலை' என்று முன்னால் சேர்க்கிறேன்: நிலைவடம். அதற்குள் முன்வடம், பின்வடம், பக்கவடம் என்று பிரித்துக்கொள்ளலாம். மற்ற வகை முழுவதும் இழுகயிறு. வடம் என்றால் மரத்தைப் பிடிப்பது, கயிறு என்றால் கை இழுப்பது. கல்லடியில் என்னிடம் வரும் பிள்ளைகள் 1602இல் ஒல்லாந்தக் கடலோடி ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக்கு வந்தாரே, அந்தக் காலத்து ஒல்லாந்தக் கப்பல் மாதிரி ஒன்று செய்கிறார்கள். அவர்களுக்கு எழுதும் செய்முறைத் தாளில் இந்தப் பிரிப்பு அவசியம், ஏனென்றால் நிலைவடம் எல்லாம் கட்டி முடித்த பிறகுதான் இழுகயிற்றில் கைவைக்க வேண்டும்.

பக்கவடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஷ்ரௌட் என்பதற்கு அகராதியைத் திறந்து 'சவத்துணி' என்று எடுத்துப் போட்டிருந்தார் ஒருவர். தயவுசெய்து வேண்டாம். பாய்மரத்தின் உச்சிப் பக்கமிருந்து கப்பலின் இரு விலாவுக்கும் விரிந்து இறங்கும் வடங்கள் அவை. அவற்றின் குறுக்கே, மாலுமிகள் ஏறுவதற்குக் கட்டும் மெல்லிய கயிறுகளைப் படிக்கயிறு என்று சொல்லலாம். நிஜக் கப்பலில் படிக்குப் படி 13 முதல் 15 அங்குலம் என்றால், 64இல் ஒரு பங்கு மாதிரியில் 5, 6 மில்லிமீற்றர்தான் வரும். கோடு போட்ட வெள்ளைத் தாளை வடங்களுக்குப் பின்னால் வைத்து, கோட்டுக்கு நேரே ஒவ்வொரு வடத்திலும் ஒவ்வொரு முடிச்சு போடவேண்டும். கொஞ்சம் இறுக்கினாலும் ஓரத்து வடங்கள் உள்ளே இழுபட்டு நடுவில் இடுப்பு ஒடுங்கிப்போகும். 'படிக்கயிற்றை இழுக்காதே, பக்கவடம் ஒடுங்கும்' என்று சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரிகிறது. அதுபோதும் எனக்கு.

பக்கவடத்தின் அடியில் வரும் டெட்ஐ என்பது மூன்று துளை போட்ட மரக்கட்டை. மேலொன்று, கீழொன்று, இரண்டுக்கும் இடையில் சிறுகயிறு கோத்து வடத்தை இறுக்குவார்கள். கப்பியைப் போல உள்ளே உருளை கிடையாது. இதற்கு 'செத்த கண்' என்று எழுதுவது கொடுமை. முக்கண் கட்டை என்றே வைப்போம். முக்கண் என்றால் சிவனல்லவா என்றால், தேங்காய்க்கும் அதே பெயர்தான்.

அளவிலும் ஒரு கவனம் வேண்டும். பழைய கப்பற்படை அட்டவணைகளில் கயிற்றின் அளவு என்று இருப்பது சுற்றளவு, விட்டமல்ல. பத்து அங்குல வடத்தின் விட்டம் மூன்று அங்குலத்துக்குச் சற்று மேல். 64இல் ஒரு பங்கில் அது ஏறத்தாழ 1.26 மில்லிமீற்றர். விட்டம் என்று எடுத்தால் மூன்று மடங்கு தடித்த கயிறு வந்துவிடும். ஆகவே தமிழ்த் தாளில் 'சுற்றளவு' என்ற சொல்லை ஓரிடத்திலும் விடக்கூடாது.

கடைசியாக, இருக்கிற சொற்களை விட்டுவிட்டுப் புதிது செய்யவேண்டாம். பாயை ஏற்றும் கயிற்றுக்கு ஆஞ்சான், குறுக்கு மரத்துக்குப் பருமல் என்று அகராதிகளிலேயே உண்டு. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போனது. அதற்குக் கயிறு கட்டியவர்கள் ஒவ்வொரு கயிற்றையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பார்கள். வடக்கிலிருக்கும் நண்பர்கள் பழைய தண்டையல் (கப்பல் தலைவர்) குடும்பங்களில் விசாரித்து எழுதுங்கள். முக்கியமாக, காற்றுக்கேற்பப் பருமலின் நுனியை இழுத்துத் திருப்பும் கயிற்றுக்கு. 'திருப்புகயிறு' என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். அவர்களுடைய சொல் வந்தால் உடனே மாற்றிவிடுவேன்.